ஐம்பது சென்ட் புத்தகம்: ஃப்ரெட்ரிக் டக்ளஸ் பேசக் கற்றுக்கொண்ட கதை

இன்னைக்கு ஒரு விநோதமான சந்தேகத்திலிருந்து ஆரம்பிப்போம்.

1840-களின் தொடக்கம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள். ஊர் ஊரா கூட்டம் போட்டு ஒரு இளைஞர் பேசிக்கிட்டு இருக்கார். வயசு இருபத்து மூணு, இருபத்து நாலு இருக்கும். நல்ல உயரம், கணீர்னு குரல். தான் தெற்கே அடிமையா இருந்து தப்பிச்சு வந்தவன்னு சொல்றார். ஒரு நாள்கூட பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்லைங்கிறார். கூட்டம் வாயைப் பிளந்து கேக்குது. ஆனா முடிஞ்சு வெளியே வரும்போது சில பேர் முணுமுணுக்கிறாங்க: இந்த ஆள் அடிமையாவே இருந்திருக்க முடியாது.

ஏன் அந்தச் சந்தேகம்? அவர் தன்னோட பழைய முதலாளி பேரையோ, ஊர்ப் பேரையோ சொல்லலை. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொண்ணு. அவர் ரொம்ப நல்லா பேசினார். அடிமையா இருந்தவனுக்கு இப்படிப் பேச வராதுன்னு அவங்க ஏற்கெனவே முடிவு பண்ணி வச்சிருந்தாங்க.

அந்த இளைஞர் பேரு ஃப்ரெட்ரிக் டக்ளஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மிகப் பெரிய பேச்சாளர்கள்ல ஒருத்தர். மூணு சுயசரிதை எழுதினவர், பத்திரிகை நடத்தினவர்.

இவரை இன்னைக்கு எடுத்ததுக்குக் காரணம் நீங்கதான். எனக்கு வர்ற மெசேஜ்கள்ல திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வருது. "மனசுல இருக்கறதை அப்படியே சொல்ல வரலை. எழுதினாலும் சப்புன்னு இருக்கு. நல்லா பேச, எழுத எப்படிக் கத்துக்கிறது?" இதுக்கு டிப்ஸ் சொல்ற வீடியோ ஆயிரம் இருக்கு. நான் டிப்ஸ் சொல்றதா இல்லை. எல்லாக் கதவையும் மூடி வச்சிருந்த ஒரு இடத்தில், ஒருத்தர் இதை எப்படிக் கத்துக்கிட்டார், கத்துக்கிட்ட பிறகு அவருக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். இரண்டாவது பாதிதான் யாரும் அதிகம் பேசாத பாதி.

பாடத்தை நிறுத்தினவரே சொல்லிக்கொடுத்த பாடம்

பிறந்தது 1818, மேரிலாண்ட் மாநிலம். தேதி அவருக்கே தெரியாது. அடிமைக் குழந்தைகளுக்குப் பிறந்தநாளைச் சொல்லணும்னு யாரும் நினைக்கலை. அப்போ அவர் பேரு ஃப்ரெட்ரிக் பெய்லி. கைக்குழந்தையா இருக்கும்போதே அம்மாவைப் பிரிச்சு வேற இடத்துக்கு வேலைக்கு அனுப்பிட்டாங்க. வளர்த்தது பாட்டி.

1826-ல், எட்டு வயசு வாக்கில், பால்டிமோர் துறைமுக நகரத்துக்கு அனுப்புறாங்க. ஹியூ ஆல்ட், சோஃபியா ஆல்ட் தம்பதியோட வீடு. பையனுக்கு வேலை, அவங்களோட சின்ன மகன் டாமியைப் பார்த்துக்கிறது.

சோஃபியாவுக்கு அடிமைகளை வச்சு வேலை வாங்கிப் பழக்கம் கிடையாது. அவங்க பைபிளை வாய்விட்டுப் படிப்பாங்க. அதைக் கேட்ட பையன், எனக்கும் படிக்கச் சொல்லிக்கொடுங்கன்னு கேட்டான். அவங்களும் சொல்லிக்கொடுத்தாங்க. முதல்ல எழுத்து, அப்புறம் மூணெழுத்து நாலெழுத்து வார்த்தைகள். பையன் பிடிச்சுக்கிற வேகத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டு, புருஷன்கிட்டயும் சொன்னாங்க.

அன்னையோட பாடம் முடிஞ்சது. ஹியூ ஆல்ட் கோபப்பட்டு நிறுத்தச் சொன்னார். இது சட்டத்துக்கு விரோதம், ஆபத்து, படிப்பு வந்துட்டா இவனை அடிமையா வச்சிருக்கவே முடியாதுன்னு விளக்கினார். அதையெல்லாம் அந்தப் பையன் பக்கத்தில் நிக்கும்போதே சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு சிஸ்டம் எங்க உடையும்னு அதை நடத்துறவரே சத்தமா சொல்றார், அதுவும் யாருக்குத் தெரியக்கூடாதோ அவன் முன்னாடியே. தன் வாழ்க்கையில் கேட்ட முதல் அடிமை ஒழிப்புப் பிரசங்கமே இதுதான்னு டக்ளஸ் பின்னாடி எழுதினார். எது கிடைச்சா தான் கையை விட்டுப் போயிடுவான்னு முதலாளி பயப்படுறாரோ, அதைத்தான் பிடிச்சுக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டான் பையன்.

ரொட்டிக்குப் பாடம், கட்டையில் எழுத்து

இனிமே வீட்டுக்குள்ள பாடம் கிடையாது. ஆசிரியர் கிடையாது. புத்தகம் கையில் இருந்தாலே சந்தேகம் வரும். அப்போ என்ன பண்றது?

வீட்டில் ரொட்டிக்குப் பஞ்சம் இல்லை. தெருவில் விளையாடுற ஏழை வெள்ளைக்காரப் பசங்களுக்குப் பசி உண்டு, அவங்களுக்குப் படிப்பும் தெரியும். கடைக்கு அனுப்பினா பையன் ஓடிப்போய் வேலையைச் சீக்கிரம் முடிச்சுட்டு, மிச்ச நேரத்தில் அந்தப் பசங்களுக்கு ரொட்டியைக் கொடுத்துட்டுப் பாடம் கேட்டுக்குவான். பல வருஷம் கழிச்சு இதை எழுதும்போதும் டக்ளஸ் அந்தப் பசங்க பேரைச் சொல்லலை. அடிமைக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்தாங்கன்னு தெரிஞ்சா அவங்களுக்குச் சங்கடம்னு விட்டுட்டார்.

எழுதக் கத்துக்கிட்ட விதம் இன்னும் சுவாரசியம். பக்கத்தில் கப்பல் கட்டுற இடம். தச்சர்கள் ஒரு கட்டையைச் செதுக்கி முடிச்சதும், அது கப்பலோட எந்தப் பக்கத்துக்குப் போகணும்னு அதுமேலயே எழுதி வைப்பாங்க. இடது பக்கம்னா 'எல்', வலது பக்கம்னா 'எஸ்', முன்பக்கம் 'எஃப்', பின்பக்கம் 'ஏ'. பையன் அதைப் பார்த்துப் பார்த்து அந்த நாலு எழுத்தையும் எழுதிப் பழகினான். நம்ம பாஷையில் சொன்னா, இது சுத்தமான ரிவர்ஸ் எஞ்சினியரிங். மேனுவல் கிடையாது, சோர்ஸ் கோட் கிடையாது, கண்ணுக்குத் தெரியுற அவுட்புட்டை வச்சே உள்ளே என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்கிறது.

அடுத்து ஒரு தந்திரம். எழுதத் தெரிஞ்ச பையன் யாராவது கிடைச்சா, உன் அளவுக்கு எனக்கும் எழுத வரும்னு சவால் விடுவான். எங்க எழுது பார்ப்போம்னு அவன் கேட்பான். தெரிஞ்ச நாலு எழுத்தை எழுதிக் காட்டிட்டு, இப்போ நீ இதை மிஞ்சி எழுதுன்னு சொல்லுவான். எதிராளி ஜெயிக்கிற ஆசையில் புது எழுத்துகளை எழுதிக் காட்டுவான். அதுதான் அன்னைய பாடம். நோட்டுப் புத்தகம்? மரவேலி, செங்கல் சுவர், நடைபாதை. பேனா? ஒரு சுண்ணாம்புக் கட்டி.

கடைசியா டாமியோட பழைய காப்பி நோட்டுகள். அந்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் போய் எழுதிப் பழகி, அக்கம்பக்கத்தில் காட்டின பிறகு மூலையில் போட்ட நோட்டுகள். திங்கட்கிழமை மதியம் சோஃபியா சர்ச் கூட்டத்துக்குப் போயிடுவாங்க. வீட்டுக்குக் காவல் ஃப்ரெட்ரிக். டாமி எழுதின வரிகளுக்கு நடுவுல இருக்கிற காலி இடத்தில், அதே கையெழுத்து வர்ற வரைக்கும் எழுதி எழுதிப் பார்த்தான். இதெல்லாம் ஒரு வாரம், ஒரு மாசத்துக் கதை கிடையாது. வருஷக்கணக்கு.

அந்தப் புத்தகம்

பன்னிரண்டு, பதிமூணு வயசு. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக் கொஞ்சம் காசு சேர்த்திருந்தான். அதில் ஐம்பது சென்ட் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கினான். பேரு 'தி கொலம்பியன் ஒரேட்டர்'. காலெப் பிங்ஹாம்னு ஒரு பள்ளி ஆசிரியர் தொகுத்து, 1797-ல் பாஸ்டனில் வெளியிட்ட பாடநூல். பள்ளிப் பசங்க மேடையில் நின்னு பேசிப் பழகறதுக்கான தொகுப்பு. ஆரம்பத்தில் குரலை எப்படி ஏத்தணும் இறக்கணும், கையை எப்படி வச்சுக்கணும்னு குறிப்புகள். அப்புறம் சிசரோ, வாஷிங்டன் மாதிரி ஆட்களோட உரைகள், நாடகக் காட்சிகள், உரையாடல்கள்.

அதில் ஒரு உரையாடல் இவனைப் பிடிச்சு உலுக்கிடுச்சு. ஓடிப்போய் மாட்டிக்கிட்ட ஒரு அடிமைக்கும் அவன் முதலாளிக்கும் நடக்கிற வாக்குவாதம். முதலாளி தன் பக்க நியாயத்தை ஒவ்வொண்ணா எடுத்து வைக்கிறார். அடிமை ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்றான். கடைசியில் முதலாளிக்குச் சொல்ல ஒண்ணுமில்லாம போய், அவனை விடுதலை பண்ணிடுறார்.

நிஜத்தில் அப்படி நடக்காதுன்னு அந்தப் பையனுக்கு நம்மைவிட நல்லாவே தெரியும். ஆனா அவனுக்குக் கிடைச்சது வேற. அவன் மனசுல ஏற்கெனவே இருந்த எண்ணங்கள், வாய் வரைக்கும் வந்து, சொல்ல வழி தெரியாம செத்துப்போன எண்ணங்கள், இந்தப் பக்கங்கள்ல வாக்கியமா நிக்குது. அதே புத்தகத்தில், அயர்லாந்தின் கத்தோலிக்கர்களுக்கு உரிமை கேட்டு ஒரு உரை. தன்னை மாதிரியே வேற எங்கயோ யாரோ மனுஷ உரிமைக்காகப் பேசியிருக்காங்கன்னு அப்பதான் தெரியுது.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. நாம பொதுவா 'வார்த்தை கிடைக்கலை'ன்னு சொல்வோம். அதனால அகராதியைத் தேடிப் போவோம். இந்தப் பையனுக்கு அந்தப் புத்தகத்தில் கிடைச்சது வாதத்தோட அமைப்பு. எதிர்ல இருக்கறவன் என்ன சொல்லுவான், அதுக்கு நான் என்ன சொல்லுவேன், அதுக்கு அவன் திருப்பி என்ன சொல்லுவான். பேச்சுங்கிறது ஒருத்தருக்குச் சொல்ற பதில். டக்ளஸோட பிற்கால உரைகள் எல்லாத்துலயும் இந்த எலும்புக்கூட்டைப் பார்க்கலாம்.

ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்லணும். படிப்பு அவனுக்கு உடனே சந்தோஷத்தைக் கொடுக்கலை. தன் நிலைமை முழுசா புரிஞ்சுபோச்சு, ஆனா அதிலிருந்து வெளிய வர வழி தெரியலை. எழுதப் படிக்கத் தெரியாத மத்த அடிமைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட நாட்கள் உண்டுன்னு அவரே எழுதியிருக்கார்.

பாதி தெரிஞ்சதும் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சான்

1833-ல் பால்டிமோரிலிருந்து கிராமத்துக்குத் திருப்பி அனுப்புறாங்க. அடி, பசி, எட்வர்ட் கோவீங்கிற கொடூரமான பண்ணைக்காரன், அவனோட நடந்த சண்டை. இந்தப் பகுதி தனி எபிசோடுக்கு உரியது. நம்ம கதைக்கு வேண்டியது, அங்க அவன் நடத்தின ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம். முதல்ல ஆரம்பிச்சதை வெள்ளைக்காரங்க கும்பலா வந்து கலைச்சாங்க. 1835-ல் வேற பண்ணைக்குப் போனதும் ரகசியமா இன்னொண்ணு ஆரம்பிச்சான். ஒரு கட்டத்தில் நாற்பது பேருக்கு மேல படிச்சாங்க. மாட்டினா முதுகு பிஞ்சிடும்னு தெரிஞ்சும் வந்தாங்க. சொல்லிக்கொடுத்தவனுக்கு வயசு பதினேழு.

1836-ல் தப்பிக்கப் போட்ட திட்டம் வெளிய தெரிஞ்சு சிறைக்குப் போனான். பிறகு மறுபடியும் பால்டிமோர். இப்போ கப்பல் கட்டுற இடத்திலேயே வேலை. பலகைகளுக்கு நடுவுல இருக்கிற இடுக்கில் நார் அடைச்சுத் தண்ணி புகாம பண்ற வேலை, நம்ம கடற்கரையில் கலப்பத்துன்னு சொல்வாங்களே, அது. கூட வேலை பார்த்த, அடிமைகளா இல்லாத கறுப்பினத் தொழிலாளர்கள் ஒரு விவாத மன்றம் வச்சிருந்தாங்க. அடிமைகளுக்கு அதில் இடமில்லை. ஆனா ஃப்ரெட்ரிக்கைச் சேர்த்துக்கிட்டாங்க. முதல் முறையா எதிர்த்துப் பேசவும் ஆள் கிடைச்சது, கேட்கவும் ஆள் கிடைச்சது.

1838 செப்டம்பர் 3. மாலுமி மாதிரி உடை போட்டு, இரவல் வாங்கின மாலுமிச் சான்றிதழோட ரயில் ஏறி, ஒரு நாளுக்குள்ள நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து நியூ பெட்ஃபோர்ட். தேடி வர்றவங்க கண்டுபிடிக்காம இருக்க, பெய்லிங்கிற பேரை டக்ளஸ்னு மாத்திக்கிட்டார். கிடைச்ச கூலி வேலையெல்லாம் செஞ்சார். பித்தளை வார்க்கிற பட்டறையில் துருத்தி இயக்குற வேலை பார்த்தப்போ, பக்கத்துத் தூணில் செய்தித்தாளை ஆணி அடிச்சு மாட்டி வச்சு, துருத்தியை ஏத்தி இறக்கும்போதே படிச்சார். பாட்காஸ்ட் கேட்டுக்கிட்டே பாத்திரம் விளக்குற நம்ம ஆட்களுக்கு இது புரியும்.

மேடை கிடைச்சது. கூடவே ஒரு வேலியும்.

1841 ஆகஸ்ட். நான்டக்கெட் தீவில் அடிமை ஒழிப்பு மாநாடு. டக்ளஸைப் பேசக் கூப்பிட்டாங்க. கால் ஊன்றி நிக்கவே முடியலை, பேச்சு திக்கித் திக்கித்தான் வந்ததுன்னு அவரே சொல்றார். ஆனா கூட்டம் அசந்துபோச்சு. இயக்கத்தின் பெரிய தலைவர் வில்லியம் லாயிட் கேரிசன் அடுத்து எழுந்து, இவர் பேசினதை வச்சே தன் உரையை நடத்தினார். மாசச்சூசெட்ஸ் அடிமை ஒழிப்புச் சங்கம் டக்ளஸைச் சம்பளப் பேச்சாளரா வேலைக்கு எடுத்தது.

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்ல மோட்டிவேஷன் வீடியோ ஆகியிருக்கும். முடியலை.

ஊர் ஊரா போய் அதே கதையை, அதே மாதிரி சொல்லணும். எங்க பிறந்தேன், எப்படி அடிச்சாங்க, எப்படித் தப்பிச்சேன். சில மாசத்தில் டக்ளஸுக்குச் சலிப்பு தட்டிடுச்சு. படிச்சுக்கிட்டும் யோசிச்சுக்கிட்டும் இருந்த மனுஷன் அவர். நடந்த கொடுமையைச் சொன்னா மட்டும் போதாது, அது ஏன் கொடுமை, அதை யார் தாங்கிப் பிடிக்கிறாங்க, இந்த நாட்டோட சட்டமும் மதமும் அதில் எங்க நிக்குதுன்னும் சொல்லணும்னு அவருக்குத் தோணுச்சு. கூட இருந்த வெள்ளைக்கார நண்பர்கள் தடுத்தாங்க. அவங்க கணக்கு இது: சம்பவங்களை டக்ளஸ் சொல்லட்டும், அதுக்கான தத்துவத்தை நாங்க சொல்லிக்கிறோம். இன்னொரு அறிவுரையும் வந்தது. பேச்சில் கொஞ்சம் பண்ணைக் கொச்சை இருக்கட்டும், இவ்வளவு படிச்சவர் மாதிரி தெரிஞ்சா ஜனங்க நம்ப மாட்டாங்க.

இவங்க வில்லன்கள் கிடையாது. அடிமை முறையை ஒழிக்க கல்லடி வாங்கினவங்க. அவங்க பயமும் நியாயமானது, ஏன்னா கூட்டத்தில் சந்தேகம் நிஜமாவே இருந்தது. ஆனா அவங்க போட்ட வேலியைப் பாருங்க. ஹியூ ஆல்ட், நீ படிக்கக் கூடாதுன்னார். நண்பர்கள், நீ படிச்சது வெளிய தெரியக் கூடாதுன்னாங்க. நடந்ததைச் சொல்ற வேலை உனக்கு, அதுக்கு அர்த்தம் சொல்ற வேலை எங்களுக்கு.

டக்ளஸ் பணிஞ்சு போகலை. கொச்சையை வேஷம் போட்டுப் பேச மறுத்தார். சந்தேகத்துக்கு வேற பதில் கண்டுபிடிச்சார்: எழுதுறது.

பேர், ஊர், ஆள் எல்லாம்

1845 மே மாதம் அவரோட முதல் சுயசரிதை வெளிவந்தது. தலைப்பிலேயே, தானே எழுதியதுன்னு போட்டிருந்தது. மேடையில் மறைச்சதையெல்லாம் அதில் எழுதினார். பிறந்த ஊர், முதலாளிகளோட பேர், அடிச்சவங்க பேர், செத்தவங்க பேர். விலை ஐம்பது சென்ட். ஆமா, அந்தப் பையன் பூட்ஸ் பாலிஷ் போட்ட காசில் வாங்கின புத்தகத்தோட அதே விலை. நாலு மாசத்தில் சுமார் 5,000 பிரதிகள் போச்சு.

ஆனா அந்தப் பேர்களை எழுதினதுக்கு விலை அதிகம். சட்டப்படி அவர் இன்னும் இன்னொருத்தரோட சொத்து. புத்தகத்தைப் படிச்சுட்டு யார் வேணும்னாலும் பிடிச்சுக் கொண்டுபோகலாம், வடக்கு மாநிலத்தின் சட்டமும் முழுசா காப்பாத்தாது. கையெழுத்துப் பிரதியைக் கேட்ட நண்பர் வெண்டல் ஃபிலிப்ஸ், உங்க இடத்தில் நான் இருந்தா இதை நெருப்பில் போட்டிருப்பேன்னு எச்சரிச்சார். நம்ப வைக்கணும்னா பேர் சொல்லணும், பேர் சொன்னா மாட்டிக்கணும். டக்ளஸ் பேரைச் சொன்னார். அந்த ஆகஸ்டிலேயே கப்பல் ஏறி பிரிட்டனுக்குப் போக வேண்டி வந்தது.

இதுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. புத்தகம் வந்த அதே வருஷம், அவரை அடிமையா இருந்த காலத்தில் தெரிஞ்ச ஒருத்தர் பத்திரிகைக்கு எழுதினார். எனக்கு அந்த ஃப்ரெட்ரிக் பெய்லியைத் தெரியும், அவன் படிக்காத ஆள், இப்படி ஒரு புத்தகத்தை அவனால எழுதியிருக்கவே முடியாதுன்னு. டக்ளஸ் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார். பின்ன? நான் அடிமையாவே இருக்கலைன்னு சொன்னவங்களுக்கு, எதிர்த் தரப்பிலிருந்தே சாட்சி கிடைச்சிருச்சே.

அயர்லாந்தில், டப்ளினில், டேனியல் ஓ'கானலின் பேச்சை நேர்ல கேட்டார். கத்தோலிக்கர்களுக்கான உரிமைப் போராட்டத்தை 1829-ல் ஜெயிச்சுக் காட்டின தலைவர். பால்டிமோரில் ஒளிஞ்சு ஒளிஞ்சு படிச்ச புத்தகத்தில் எந்த உரிமைக்கான உரை இருந்ததோ, அதை வாங்கித் தந்தவரே எதிர்ல நின்னு பேசுறார். அந்தக் கூட்டத்தில் டக்ளஸ் எப்படி நின்னிருப்பார்னு நான் பல தடவை யோசிச்சிருக்கேன்.

1846 கடைசியில் பிரிட்டிஷ் நண்பர்கள் 150 பவுண்ட் திரட்டி, அவரைச் சட்டப்படி விலைக்கு வாங்கி விடுதலை பண்ணாங்க. 1847-ல் ஊர் திரும்பினதும் சொந்தப் பத்திரிகை ஆரம்பிக்கணும்னார். கேரிசன் தரப்புக்குப் பிடிக்கலை. உங்களுக்குப் பேச்சு வரும், பத்திரிகை எதுக்குங்கிற மாதிரி. இவர் ரோசெஸ்டர் நகரத்துக்குக் குடிபோய், 1847 டிசம்பர் 3 அன்னைக்கு 'தி நார்த் ஸ்டார்' வார இதழைக் கொண்டுவந்தார். பணக் கஷ்டம் விடாம துரத்தினது. ஆனா வாராவாரம் எழுதியே தீரணும்ங்கிற கட்டாயம்தான் தனக்குக் கிடைச்ச சிறந்த பள்ளிக்கூடம்னு பின்னாடி சொன்னார்.

1852 ஜூலை 5

எல்லாம் வந்து சேர்ற இடம் இது. ரோசெஸ்டர் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம், அமெரிக்கச் சுதந்திர தின உரைக்கு டக்ளஸைக் கூப்பிட்டது. ஜூலை 4-க்குப் பதிலா 5-ஆம் தேதி, கொரிந்தியன் ஹாலில் பேசினார். இரண்டு மூணு வாரமா கிடைச்ச நேரமெல்லாம் இதை எழுதுறதுக்கே போச்சுன்னு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கார். அவ்வளவு இயல்பா பேசினவர், அவ்வளவு நாள் உட்கார்ந்து எழுதினார்.

உரையோட கட்டமைப்பைப் பாருங்க. முதல்ல சுதந்திரப் போராட்ட வீரர்களை மனசார பாராட்டுறார். கூட்டம் தலையாட்டுது. ஆனா பாராட்டும்போதே ஒரு சின்ன வேலை பண்றார். 'நம்ம' சுதந்திரம், 'நம்ம' முன்னோர்னு சொல்றதில்லை. உங்க சுதந்திரம், உங்க முன்னோர், உங்க தேசம். ஒண்ணு இரண்டு தடவை கேட்டா தெரியாது. திரும்பத் திரும்ப வரும்போது கேட்கிறவனுக்கு உறுத்த ஆரம்பிக்கும். அப்புறம் திருப்புறார்: இந்தக் கொண்டாட்டத்தில் அடிமைக்கு என்ன இருக்கு?

அங்கிருந்து, எதிராளி என்ன கேட்பான்னு தானே எடுத்து வச்சு பதில் சொல்றார். அடிமையும் மனுஷன்தான்னு நான் நிரூபிக்கணுமா? அதை நீங்களே ஏற்கெனவே ஒத்துக்கிட்டீங்களே. உங்க தெற்கு மாநிலங்களோட சட்டப் புத்தகங்களைத் திறந்து பாருங்க, அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தா தண்டனைன்னு இருக்கு. வயலில் மேயுற மிருகத்துக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது சட்டம் போட்டிருக்கீங்களா? இதுதான் அந்தப் பகுதியின் சாரம்.

எட்டு வயசுல, ஒரு வீட்டில், படிப்பு கொடுத்தா இவன் கையை விட்டுப் போயிடுவான்னு கேட்ட அதே வார்த்தை. முப்பத்து நாலு வயசில், ஐந்நூறு அறுநூறு பேர் முன்னாடி, அதையே ஒரு நாட்டுக்கு எதிரான சாட்சியா திருப்பி வைக்கிறார். இதில் சம்பவம் எது, தத்துவம் எதுன்னு பிரிச்சுக் காட்டுங்க பார்ப்போம். முடியாது. அவர் வாழ்க்கையில் நடந்தது அவர் வாதமாவே மாறிடுச்சு.

நமக்கு இதில் என்ன இருக்கு

ஆபீஸ் மீட்டிங்கையும் அடிமை முறையையும் ஒரே தராசில் வைக்கிற ஆள் நான் இல்லை. ஆனா நல்லா பேசணும்னு ஆசைப்படுற நமக்கு, டக்ளஸோட கதை ஒரு தெளிவைக் கொடுக்குது.

நாம பேச்சு வரலைன்னு சொல்ற இடங்களைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. பெரும்பாலும் நடந்ததைச் சொல்ல நமக்கு நல்லாவே வரும். தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப்பில் சொல்றோமே: நேத்து இதை முடிச்சேன், இன்னைக்கு இதை எடுத்திருக்கேன், பிளாக்கர் எதுவும் இல்லை. வாய் தடுமாறாது. அடுத்த வாக்கியத்தில்தான் மாட்டுவோம். "இந்த ரிலீஸ் இப்போ போகக்கூடாதுன்னு நினைக்கிறேன், ஏன்னா..." இங்க குரல் இறங்கும். வார்த்தை தேடுவோம். வீட்டிலும் அப்படித்தான். சாப்டியா, கிளம்பிட்டேன், மழை பெய்யுது, எல்லாம் வரும். "நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு வலிச்சதுப்பா"ன்னு சொல்றதுக்கு மட்டும் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. அந்த இடத்தில் அகராதி உதவாது. இதுக்கு அர்த்தம் சொல்ற உரிமை எனக்கு உண்டான்னு உள்ளுக்குள்ள ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு ஆமான்னு பதில் சொல்லாத வரைக்கும் பேச்சு சப்புன்னுதான் இருக்கும்.

டக்ளஸ் அந்த உரிமையை யார்கிட்டயும் கேட்டு வாங்கலை. பயிற்சியாவே எடுத்துக்கிட்டார். நல்ல வாதத்தை எங்க பார்த்தாலும் அதன் எலும்புக்கூட்டைப் படிச்சார். தனக்குப் பாதி தெரிஞ்சதுமே இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுத்தார். எதிர்த்துப் பேசுற ஆட்கள் இருக்கிற அறைக்குப் போனார். வாராவாரம் எழுதினார். திக்கினாலும் மேடையை விடலை. நல்லா பேச வந்த பிறகு, கொஞ்சம் மோசமா பேசுங்கன்னு நல்லவங்களே சொன்னப்போ, மாட்டேன்னார்.

இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு முயற்சி பண்ணிப் பாருங்க. வழக்கமா தகவலா மட்டும் சொல்லிட்டு நிறுத்துற ஒரு விஷயத்தை எடுங்க. மெயிலா இருக்கலாம், வீட்டு வாட்ஸப்பா இருக்கலாம். அதுக்குக் கீழ, இது எனக்கு என்னவா படுதுன்னு ஒரு வாக்கியம் சேருங்க. கூடவே, படிக்கிறவர் அதுக்கு என்ன மறுப்பு சொல்லுவார்னு யோசிச்சு, அதுக்கும் ஒரு வாக்கியம். எழுதி வச்சுட்டு ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. எந்த இடத்தில் குரல் இறங்குதோ, வேலை அங்கதான் இருக்கு.

டக்ளஸோட 1845 புத்தகம் சின்னதுதான், ஒரு வார இறுதியில் முடிச்சிடலாம். இணையத்தில் இலவசமாவே கிடைக்குது. படிச்சுட்டு எழுதுங்க. உங்க வாக்கியங்களையும் அனுப்புங்க, விருப்பம் இருந்தா அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். பார்ப்போம் நண்பர்களே.